ஜன்னலோரம் யாருக்கு?

ரயிலில் ஜன்னலோரம் பிடிக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டி நிற்பதற்கு முன்பே துண்டு பறக்கும். குழந்தையை ஜன்னல் வழியாகவே உள்ளே தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஆகாய விமானம் என்று வந்துவிட்டால் இந்தச் சாமர்த்தியமெல்லாம் எங்கே போய்விடுகிறதோ! அங்கே துண்டு போட முடியாது, பணந்தான் போட வேண்டும் என்பது வாஸ்தவம். ஆசனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கே பல கம்பெனிகள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. அந்தப் பணத்தையும் கொடுத்துவிட்டு, இறக்கையைப் பார்த்துக்கொண்டே பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்களே, அதுதான் பரிதாபம்.

சென்னையிலிருந்து லண்டனுக்குப் போவதையே எடுத்துக்கொள்வோம். சுமார் 8,200 கிலோமீட்டர். முதலில் யோசிக்க வேண்டியது எத்தனையாவது வரிசை என்பதல்ல. வலமா, இடமா என்பதே. விமானம் வடமேற்காகப் போவதால், பகலில் சூரியன் பெரும்பாலும் இடப் பக்கமாகவே இருக்கும். வலப் பக்கத்தில் கண் கூசாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஹீத்ரோ விமான நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காக அமைந்தவை. விமானம் காற்றை எதிர்த்து இறங்குவதே வழக்கம். அங்கே மேற்கிலிருந்து வீசும் காற்றே அதிகம். ஆகவே பெரும்பாலான நாட்களில் விமானம் கிழக்கேயிருந்து, லண்டன் நகரத்தின் மேலாகவே வந்து இறங்குகிறது. டவர் பாலம், செயின்ட் பால் தேவாலயம், பார்லிமெண்டு மாளிகை எல்லாம் அப்போது வலப் புறத்தில்! மேகம் மட்டும் வழிவிட வேண்டும். காற்று கிழக்கிலிருந்து வீசும் நாட்களில் இடப் பக்கத்தாருக்கு அதிர்ஷ்டம். வின்ட்ஸர் கோட்டை தெரியும். நடுவழிக் காட்சிகளை மட்டும் நம்புவதற்கில்லை. போர்களாலும் வான்வழித் தடைகளாலும் பாதை மாறிக்கொண்டே இருக்கிறது.

வரிசை, இறக்கைக்கு நன்றாக முன்னால் இருக்கட்டும். இல்லாவிட்டால் கடைசிப் பக்கமாக. இறக்கையை ஒட்டிப் பின்னால் உட்கார்ந்தால், எஞ்சினின் சூடான காற்றில் பூமியே கானல் நீர்போல நடுங்கும். பெரிய விமானங்களில் இடக் கோடி ஜன்னல் ‘ஏ’. வலக் கோடி பெரும்பாலும் ‘கே’. சில வரிசைகளில் ஜன்னலோரம் என்று பெயர்தான் இருக்கும், பக்கத்தில் வெறுஞ்சுவர்!

இத்தனையும் விசாரித்துக்கொண்டு நானும் ஒரு தடவை வலப் பக்கத்து ஜன்னலைப் பிடித்தேன். பக்கத்து ஆசனத்தில் ஓர் அம்மாள். மகளின் பிரசவத்துக்காகப் போகிறார். முதல் விமானப் பிரயாணம். விமானம் தாழ ஆரம்பித்ததும், “ஊர் தெரியுதா தம்பி?” என்று கேட்டார். “தெரியுதும்மா” என்று சொல்லிவிட்டு, கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவர் கழுத்தை நீட்டியபடி என் தோளுக்கு மேலாக எதையோ தேடிக்கொண்டிருந்தார். வெளியே புல்தரைதான் இருந்தது.

“பரவாயில்லை தம்பி. திரும்பிப் போகும்போது பார்த்துக்கிறேன்” என்றார்.

திரும்பும்போது விமானம் அநேகமாக மேற்கு நோக்கித்தான் கிளம்பும், அந்தக் காட்சி அவ்வளவு கிட்டத்தில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அன்று எடுத்த படங்களை நானே இரண்டாந்தரம் பார்க்கவில்லை.

காசு கொடுத்தவனுக்குத்தானே ஜன்னல் என்று கேட்பீர்கள். ஆசனத்துக்குக் கொடுத்தோம், சரி. தேம்ஸ் நதிக்குமா கொடுத்தோம்? தூங்கப் போகிறவர் ஜன்னலோரத்தைப் பிடித்து மூடியை இறக்கிவிடுவது நியாயமில்லை. பார்க்க ஆசையுள்ளவருக்கு விட்டுக்கொடுக்கலாம். விழித்திருப்பவர், இறங்கும் நேரத்திலாவது முதுகைச் சாய்த்து உட்காரலாம். இடம் மாற்றிக்கொள்வதானால், பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரிவதற்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும்.

“நீங்கள் பார்க்கிறீர்களா, அம்மா?” மூன்றே வார்த்தைகள். இதற்கு எந்தக் கம்பெனியும் கட்டணம் வாங்குவதில்லை.