எலும்புக்குச் சாதி இல்ல

செம்பாக்கத்துல எங்க பெரியப்பா குழி வெட்டுனவர். புதைச்ச பொணத்துமேல சந்தேகம்னா போலீஸ் அவரைத்தான் தேடி வரும். அதிகாரி மூக்கைப் பொத்திக்கிட்டுத் தள்ளி நிப்பார். குழிக்குள்ள இறங்குறது பெரியப்பா. அறிக்கையில கையெழுத்து அதிகாரியோடது.

அவர் அள்ளிக் கொடுத்ததைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது: தடயவியல் மானுடவியல். இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று காட்டும். பல் வயதைச் சொல்லும். தொடையெலும்பின் நீளத்தில் உயரம் தெரியும். சாகும்போது விழுந்த முறிவு வேறு, காய்ந்த எலும்பில் கடப்பாரை பட்டு உடைந்தது வேறு. இவ்வளவும் சொல்கிற எலும்பு சாதியைச் சொல்லாது. ஏனென்றால் அது அங்கே இல்லை.

எலும்பு எத்தனை காலம் காத்திருக்கும்? ஈழத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணம் செம்மணியில் நூற்றுக்கணக்கானோரைப் புதைத்ததாக 1998இல் நீதிமன்றத்தில் சொன்னவன், கிருஷாந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட சிப்பாய். 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2025இல் அங்கேயே சித்துப்பாத்தி மயானத்தில் தோண்ட, 200க்கு மேல் வந்தன. நீலப் பள்ளிப் பையோடு கிடந்த ஒரு குழந்தைக்கு வயது நான்கு, ஐந்துதான்.

மண் காட்டிக்கொடுக்கும் என்று கொன்றவனுக்குத் தெரியும். அதனால்தான் நம்மை எரிக்கிறான். 2003இல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகிக்கும் முருகேசனுக்கும் நஞ்சூட்டி எரித்தார்கள். தீர்ப்பு வர 2021 ஆயிற்று. அதற்குள் சாட்சிகள் பலர் பிறழ்ந்துபோனார்கள். 2020இல் ஹத்ராஸில் தலித் பெண்ணின் உடலை, குடும்பத்தார் இல்லாமலே, விடிவதற்குள் போலீசே எரித்தது. வெந்த எலும்பும் கொஞ்சம் பேசும். ஆனால் மரபணுச் சோதனைக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி காணாமலாக்கியவர்களின் குழிகளைப் புல்டோசர் வைத்துக் கிளறி நாசமாக்கினார்கள். 1984இல் அங்கே போன அமெரிக்க அறிஞர் கிளைட் ஸ்னோ, மாணவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். மண்ணைக் கரண்டியாலும் தூரிகையாலும் விலக்கி எடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள். அவர்கள் உருவாக்கிய குழு பிறகு பல நாடுகளுக்கும் போனது.

தோழர்களே, சேரியில சந்தேகமா ஒரு சாவு விழுந்தா, 'சீக்கிரம் எரிச்சிடுங்க'ன்னு எவன் வந்து சொன்னாலும் கேக்காதீங்க. புதைங்க. மறு பிரேதப் பரிசோதனை கேளுங்க. படிக்கிற பிள்ளைங்க நாலு பேராவது இந்தப் படிப்புக்குப் போங்க. குழிக்குள்ள இறங்க நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம். அறிக்கையில கையெழுத்தும் இனிமே நம்மளோடதா இருக்கணும்.