கடற்கரையில் வீடு வாங்கப் போகிறீர்களா?

"மாமல்லபுரத்தில் வீடு விற்பனைக்கு! வாசலில் கடல் காற்று!" இப்படி விளம்பரம் வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

சென்னை நகரம் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வளர்ந்து வருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் வீட்டுக்கும் மனைக்கும் நல்ல கிராக்கி.

வாங்குகிறவர்கள் பட்டா பார்க்கிறார்கள். வில்லங்கச் சான்று பார்க்கிறார்கள். அது மட்டும் போதுமா? போதாது!

வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். அங்கே வீடு கட்டலாமா என்று சொல்லாது. அதைச் சொல்வது வேறு இரண்டு சட்டங்கள்.

ஒன்று, நினைவுச் சின்னங்கள் சட்டம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் போன்றவை மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளன. 2010-ம் ஆண்டுத் திருத்தப்படி, இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புது வீடு கட்டக்கூடாது. பழைய வீட்டைப் பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும்.

மற்றொன்று, கடலோர விதிகள். 1991-ல் வந்தவை, 2011, 2019 ஆண்டுகளில் மாற்றி எழுதப்பட்டவை. கடல்நீர் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. வீண் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். 2004-ம் ஆண்டு சுனாமியை மறக்க முடியுமா?

வீட்டை விற்றவர் பணத்துடன் போய்விடுவார். பழுது பார்க்க முடியாத வீடு உங்களிடம் இருக்கும். பிள்ளைகளுக்காகச் சேர்த்த பணம் அதில் முடங்கிவிடும்.

ஆகவே, சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தொல்லியல் துறையிடமும், கட்டட அனுமதி தரும் அலுவலகத்திலும் விசாரியுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள்.

பிறகு கொடுக்கலாம், முன்பணம்!