வினைமுதல் இல்லாத பயணம்

2025 ஏப்ரல் 16 அன்று, உத்தராகண்டில் தேவப்பிரயாகைக்கும் ஜனாசுவுக்கும் இடையிலான ரயில் சுரங்கம் துளைத்து முடிக்கப்பட்டது. ரிஷிகேஷ்–கர்ணப்பிரயாகை இருப்புப்பாதையில் அமையும் இச்சுரங்கத்தின் நீளம் பதினான்கரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் பத்துக் கிலோமீட்டருக்கும் அதிகமாகத் துளைத்தது, ‘சக்தி’ எனப் பெயரிடப்பட்ட, 9.11 மீட்டர் விட்டமுள்ள துளைப்பு இயந்திரம். இமயமலையில் இந்திய ரயில்வே இத்தகைய இயந்திரத்தைப் பயன்படுத்தியது அதுவே முதன்முறை. பாறையின் தன்மை, துளைத்த வேகம், அமைச்சர் வருகை எனச் செய்திகள் விரிவாக வந்தன. அந்த இயந்திரம் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு வாக்கியம் ஒதுக்கப்பட்டிருந்தது: 165 டன் எடையுள்ள பாகங்கள் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்திலிருந்து, குறுகிய பாலங்களைக் கடந்து, ‘கொண்டுவரப்பட்டன.’

இந்தக் ‘கொண்டுவரப்பட்டன’ என்ற சொல்லைப் பற்றியதே இப்பதிவு. நீளமானது, நேரமுள்ளபோது வாசிக்கலாம்.

செயப்பாட்டு வினையின் வசதி என்னவென்றால், வினைமுதலைச் சொல்லாமல் விட்டாலும் வாக்கியம் முழுமையாக நிற்கும். ‘யாரால்’ என்ற கேள்வி இலக்கணத்துக்குத் தேவைப்படுவதில்லை. பொறியியல் அறிக்கைகளும் செய்திக் குறிப்புகளும் இந்த வசதியை மிகுதியாகப் பயன்படுத்துகின்றன. இதை நான் வெறும் நடைப் பழக்கமாகக் கருதவில்லை. வினைமுதல் மறையும் இடத்தில் அவரிடமிருந்த அறிவும் மறைகிறது. கனரக இயந்திரங்களைத் துறைமுகத்திலிருந்து பணியிடத்துக்கு எடுத்துச் செல்லும் தொழிலில், ஒவ்வொரு பயணத்திலும் இந்நாட்டின் சாலைகளைப் பற்றிய மிக நுட்பமான அறிவு உருவாகிறது. ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் அது கைவிடப்படுகிறது. உட்கட்டமைப்பைப் பற்றி ஆய்வேடு எழுதும் நாமும் அதைத் தேடிப் போவதில்லை.

முதலில் பயணத்தைப் பார்ப்போம். மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989), விதி 93-இன்படி ஒரு சரக்கு வாகனத்தின் அகலம் 2.6 மீட்டரை மீறக்கூடாது. ஒன்பது மீட்டர் விட்டமுள்ள கவசத்தையும் வெட்டுத் தலையையும் துண்டுகளாகப் பிரித்துத்தான் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஆயினும் சில துண்டுகளை அதற்குமேல் பிரிக்க இயலாது. முதன்மைத் தாங்கி ஒரே வளையமாகத்தான் வரும். இத்தகைய சுமைக்குச் சாதாரண டிரெய்லர் உதவாது. ஹைட்ராலிக் அச்சு வரிசைகளை ஒன்றோடொன்று பூட்டி நீளமான மேடையாக்குகிறார்கள். ஒரு வரிசைக்கு எட்டுச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத் தொகுதிக்கும் தனி உருளை உண்டு. அவற்றை எண்ணெய்க் குழாய்களால் மூன்று அல்லது நான்கு தொகுதிகளாக இணைத்துவிட்டால், பள்ளத்தில் இறங்கும் சக்கரமும் மேட்டில் ஏறும் சக்கரமும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். முன்னால் இழுப்பது ‘புல்லர்’ எனப்படும் வண்டி. ஏற்றத்தில் பின்னாலிருந்து இன்னொன்று தள்ளும். இறக்கத்தில் அதுவே பின்னிழுத்துப் பிடிக்கும். பின் அச்சுகளைத் திருப்புவதற்கென ஒருவர் கையில் கட்டுப்பாட்டுக் கருவியோடு வண்டியின் கூடவே நடக்கிறார். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் வண்டியின் முன்பாதியை ஓட்டுநர் ஓட்டுகிறார், பின்பாதியை நடப்பவர் ஓட்டுகிறார் என்றே சொல்லவேண்டும்.

பாலம் வரும்போது நிலைமை மாறுகிறது. பாலங்களின் சுமைத் திறனுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 6 நெறிமுறை, 385 டன் எடையுள்ள ‘சிறப்பு வாகனம்’ ஒன்றைக் கற்பனை செய்து அதற்கு நிபந்தனைகள் விதிக்கிறது: மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம், பாலத்தின் நட்டநடுவில் ஓட்டம், உடன் வேறு வாகனம் இல்லாமை. இந்தச் சிறப்பு வாகனம் நெறிமுறைக்குள் வந்தது அண்மைக்காலத்தில்தான். மலைநாட்டின் பழைய பாலங்கள் இத்தகைய ஒன்றை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல. ஆகவே பாலத்தைத் தாங்கு கட்டைகளால் முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையேல் கோடையில் நீர் வற்றிய ஆற்றுப்படுகையில் குழாய் பதித்து மண்பாதை போட வேண்டும். மழை தொடங்கிவிட்டால் அந்தப் பாதையும் இல்லை.

இந்தச் சுமைக்கு அலுவலக மொழியில் ஓ.டி.சி. என்று பெயர். தமிழில் இதை ‘அளவு மீறிய சரக்கு’ என்று எழுதுகிறோம். ‘மீறு’ என்ற வினை நம் மொழியில் குற்றத்தின் வாடை உடையது. கட்டளையை மீறுகிறோம், வரம்பை மீறுகிறோம். அளவு என்பது ஓர் உறவு. சாலைக்கும் சுமைக்கும் இடையிலுள்ள அந்த உறவைச் சுமையின் குணமாக மட்டும் சொல்லிவிட்டால், சாலையின் அளவை யார், எப்போது, எதற்காகத் தீர்மானித்தார்கள் என்ற கேள்வி எழாது. மலைக்குள் நூற்றுக்கணக்கான கோடியில் சுரங்கம் திட்டமிடும்போதே, அதைத் துளைக்கும் இயந்திரம் எந்தச் சிறுபாலத்தின் மேல் போகும் என்பதும் திட்டத்தின் பகுதியாக இருந்திருக்க வேண்டாமா?

அந்தக் கேள்விக்கு விடை தேடுவது வழித்தட ஆய்வு. தொழிலில் ‘ரூட் சர்வே’ என்பார்கள். சுமை கிளம்புவதற்கு முன்பே சிலர் அளவுநாடாவும் நீண்ட கழியுமாக முழுப் பாதையையும் கடந்து, தாழ்ந்த மின்கம்பி, மரக்கிளை, சுங்கச்சாவடியின் அகலமான ஓரத்தடம், ரயில்வே கடவையின் மேல்கம்பி, பாலத்தின் வயது, வளைவின் ஆரம் அனைத்தையும் குறித்து வருகிறார்கள். குஜராத்தில் கள ஆய்வுக்காகத் தங்கியிருந்தபோது, இத்தொழிலில் நெடுங்காலம் இருந்த ஒரு பீகார்க்காரரிடம் அவர் கடைசியாகச் சென்ற வழியைக் கேட்டேன். அவர் சொன்ன பட்டியலில் ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை. கம்பிகள், பாலங்கள், சாவடிகள், அறுபது மீட்டர் நீள வண்டியை இரவில் ஒதுக்கி நிறுத்த இடமுள்ள தாபாக்கள் ஆகியவற்றை மட்டுமே வரிசையாகச் சொன்னார். நம் கையிலுள்ள எந்த வரைபடத்திலும் அந்த இந்தியா இல்லை.

இந்த ஆய்வறிக்கைகள் அனுமதி விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்டு, கோப்பில் உறங்கிவிடுகின்றன. அடுத்த ஆண்டு அதே வழியில் இன்னொரு நிறுவனம் இன்னொரு சுமையோடு வரும். அதே பாலத்தை மீண்டும் அளக்கும். தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களுக்கென 2016-இல் இந்தியப் பாலங்கள் மேலாண்மை அமைப்பு தொடங்கப்பட்டது நல்ல செயல். ஆனால் பணியிடங்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இருப்பதில்லை. கடைசி முப்பது, நாற்பது கிலோமீட்டர் மாநிலச் சாலையிலோ ஊராட்சிச் சாலையிலோ போகிறது. வண்டிகள் நாட்கணக்கில் நிற்பதும் அங்கேதான்.

மொழியியல் படித்தவள் என்பதால் என்னை இத்தொழிலுக்கு இழுத்துச் சென்றது வேறொன்று: கட்டளைச் சொற்கள். துறைமுகத்தில் பளுவை ஏற்றுவதற்கு ‘ஹாபீஸ்’ என்றும் இறக்குவதற்கு ‘ஆரியா’ என்றும் குரல் கொடுப்பார்கள். மலை உச்சியின் பணியிடத்தில் கிரேன் சுமையை இறக்கும்போதும் அதே ‘ஆரியா’தான். (ஆரிய–திராவிட விவாதத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, பின்னூட்டத்தில் தொடங்கிவிடாதீர்கள்.) கயிற்றையோ பாயையோ தாழ்த்துவதைக் குறிக்கும் ‘அர்ரியார்’ என்ற போர்த்துகீசிய வினையிலிருந்து வந்தது அது. இந்தியப் பெருங்கடலின் லஸ்கர் மாலுமிகள் பேசிய கலப்பு மொழியில் இடம்பெற்று, மலாய் வரை சென்ற சொல். அந்த மாலுமிகளின் கப்பல் மொழிக்குத் தாமஸ் ரோபக் 1811-இல் கல்கத்தாவில் ஓர் அகராதி வெளியிட்டார். பாய்மரங்கள் போய்விட்டன, சொல் கப்பலிலிருந்து இறங்கி, டிரெய்லரில் ஏறி, இமயமலைக்குப் போயிருக்கிறது. ‘கலாசி’ என்ற பெயரும் அதே கடலின் வரவுதான். பாரசீகத்தில் படையைக் குறித்த ‘லஷ்கர்’ நம் பொதுப்பணித் துறையில் மதகு திறப்பவரின் பதவிப் பெயராக எஞ்சியிருப்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

இச்சொற்களின் அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் தாய்மொழி புரியாத ஓட்டுநரும் கலாசியும் கிரேன் இயக்குநரும் நூறு டன்னுக்குக் கீழே நிற்கும்போது, ஒரு சொல்லின் பொருள் பிசகினால் உயிர் போகும். இருநூறு ஆண்டுகளாகப் பிசகாமல் இயங்கும் ஒரு தொழில்மொழி நம் ஆவணக் கூடங்களில் ஏறத்தாழ இல்லை. அழிந்துவரும் மொழிகளை ஆவணப்படுத்த நிதி தருவோர், தொழில்மொழிகளை மொழியாகவே எண்ணுவதில்லை.

சமூக அறிவியல் துறைகளின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. உட்கட்டமைப்பு இன்று கருத்தரங்குகளின் விருப்பச் சொல். அணையால் இடம்பெயர்ந்தோர் பற்றியும் நிலம் கையகப்படுத்தல் பற்றியும் சிறந்த ஆய்வுகள் வந்துள்ளன. இயந்திரம் வந்து சேரும் வழியில் நிகழ்வதை மட்டும் ‘போக்குவரத்து’ என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துவிடுகிறோம். 2011-இல் திரிபுராவின் பலாத்தனா மின் நிலையத்துக்குக் கனரகப் பாகங்கள் கல்கத்தா பக்கத்திலிருந்து நீர்வழியாக வங்கதேசத்தின் ஆஷுகஞ்ச் சென்று, அங்கிருந்து அகௌரா வழியாகச் சாலையில் போயின. இடையிலிருந்த பாலங்கள் அந்த எடையைத் தாங்கா என்பதால் திதாஸ் ஆற்றுக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி டிரெய்லர்களுக்குப் பாதை அமைத்தார்கள். நீரோட்டம் தடைப்பட்டது, மீனவர்களும் உழவர்களும் பாதிக்கப்பட்டனர், எதிர்ப்பு எழுந்தபின் மண் அகற்றப்பட்டது. திதாஸை நாம் அத்வைத மல்லவர்மனின் நாவலாகவும் ருத்விக் கட்டக்கின் படமாகவும் வகுப்பில் பாடம் நடத்துகிறோம். ஒரு டிரெய்லருக்காக அந்த ஆறு மறிக்கப்பட்டதை எத்தனை வகுப்புகளில் சொல்கிறோம்?

இது ஆவணப் பிரியர்களின் கவலை மட்டும்தானே என்று சிலர் கேட்கக்கூடும். 2023 நவம்பர் 12 அன்று, அதே உத்தராகண்டில், சில்க்யாரா சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். துளையிடும் ஆகர் இயந்திரத்தைத் தில்லியிலிருந்து விமானப்படை பாகங்களாகச் சின்யாலிசௌர் ஓடுதளத்துக்குக் கொண்டுவந்தது. எஞ்சிய தொலைவைச் சாலையில் கடக்க வேண்டியிருந்தது. மலை உச்சியிலிருந்து செங்குத்தாகத் துளையிடும் இயந்திரம் ஏறுவதற்கென எல்லைச் சாலைகள் அமைப்பு புதிதாகப் பாதை வெட்டியது. பதினேழு நாட்கள் கழித்து அனைவரும் உயிரோடு வந்தனர். அந்நாட்களில் நாடு முழுவதும் பாறையைப் பற்றிப் பேசியது. இயந்திரம் எந்த வழியாக, எந்தப் பாலத்தின் மேல், எத்தனை மணியில் வந்து சேரும் என்பதும் அதே அளவு உயிர்ப் பிரச்சினை. அந்தத் தகவல் ஒரு பொதுத் தரவாக முன்பே இருக்கவேண்டும். அவசர நாளன்று யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வழித்தட அறிக்கை தனியார் நிறுவனத்தின் தொழில் இரகசியம் என்பார்கள். அளக்கப்படும் பாலம் பொதுப் பணத்தில் கட்டப்பட்டது; அதன் மேல் போக அனுமதி தருவது அரசு. அனுமதி கேட்கும் ஒவ்வொருவரும் அளவுகளை ஒரு பொது வடிவத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற ஒற்றை நிபந்தனை போதும். விலைப்புள்ளியையும் வாடிக்கையாளர் பெயரையும் யாரும் கேட்கவில்லை. பாலத்தின் பலவீனத்தை வெளியிடுவது பாதுகாப்புக்கு ஊறு என்ற வாதம் இதைவிட வலுவானது. எல்லைப்புற மாவட்டங்களில் அதற்கு நியாயமும் உண்டு. அங்கே தரவை மாவட்ட நிர்வாகமும் பேரிடர் மேலாண்மை ஆணையமும் மட்டும் பார்க்கலாம். ஏனைய இடங்களில், தன் ஊர்ப் பாலம் எவ்வளவு தாங்கும் என்பதை அறிய அவ்வூர் மக்களுக்கு உரிமை உண்டு. அந்த ஆவணத்தில் அளந்தவரின் பெயரும் இடம்பெற வேண்டும். பொறியாளரின் கையெழுத்துக்குக் கீழே, கழியைத் தூக்கிப் பிடித்தவருக்கும் ஒரு வரி.

முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு: துறைமுக வாயிலுக்கு வெளியே, அனுமதிக்காகக் காத்து நிற்கும் டிரெய்லர்களின் நிழலில் கலாசிகள் சமைத்துக்கொண்டிருப்பார்கள். காத்திருப்பு நாட்கணக்கில் நீளும். பேச நேரம் இருக்கும். முந்த்ரா, காண்ட்லா, ஹல்தியா, விசாகப்பட்டினம், எண்ணூர், எதுவாயினும் சரி. ஒலிப்பதிவுக் கருவியோடு போங்கள். சொற்பட்டியல் வினாநிரலை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள். அதில் ‘ஆரியா’ இருக்காது.