அப்பாவின் இழைப்பு மெஷினும் 763 ரூபாயும்
மூடிக்கிடந்த அப்பாவின் தச்சுப் பட்டறையில் இருந்த இழைப்பு மெஷினை ஓட வைக்கிறேன்னு சொன்னதும், "எடைக்குப் போடு"ன்னாங்க நண்பர்கள்.

நீங்களே கணக்குப் பாருங்க. மெஷினுக்கு வருஷம் 15% தேய்மானம். லட்ச ரூபாய் மெஷின் 30 வருஷத்தில் ஏட்டில் வெறும் 763 ரூபாய்! ஆனா வார்ப்பிரும்பு மேஜையில் ஸ்டீல் ஸ்கேல் வைத்தால் இன்னும் நேரா இருக்கு. போனது பேரிங், பெல்ட், கத்தி; எல்லாமே கடையில் கிடைக்கும். மேஜையில் விரிசல் இருந்திருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்.

தயவுசெய்து இதை 'முதலீடு'ன்னு சொல்லிக்காதீங்க. சம்பளக்காரர் இந்தச் செலவை வரியில் கழிக்க முடியாது. எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க. நான் மூணு மாசச் சம்பளத்தில் பிரிச்சு வைத்தேன்.

கத்திக்கு மேல் கார்டு மாட்டின பிறகுதான் ஸ்விட்ச். அப்பா இன்னும் அந்தப் பக்கமே வரலை. முதல் பலகையை அவர்தான் இழைக்கணும்.