வாக்குச்சீட்டில் இல்லாத பெயர்

பேராதனை என்ற பெயரில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு, பூங்கா உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, ரயில் நிலையம் உண்டு. பிரதேச சபை மட்டும் இல்லை. கன்னொறுவையில் குடியிருப்பவருக்கு யட்டிநுவர பிரதேச சபை. மகாவலியின் மறு கரைக்காரருக்கு வேறு சபை. கண்டிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் மாநகர சபை. குப்பை வண்டி வரவில்லை என்று முறையிடப் போகிறவர், தான் எந்தச் சபையின் ஆள் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சபையைக் கண்டுபிடித்தாலும் உறுப்பினர் யார் என்பது அடுத்த கேள்வி. 2025 மே 6ஆம் திகதி 339 உள்ளூராட்சி சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. எழுபத்தையாயிரத்துக்கும் அதிகமானோர் போட்டியிட்டார்கள். அத்தனை பேரில் ஒருவருடைய பெயரும் வாக்குச்சீட்டில் இல்லை. இருந்தவை கட்சியின் பெயரும் சின்னமும், சுயேச்சைக் குழுவென்றால் அதன் இலக்கமும் சின்னமுமே. வட்டாரத்துக்கு ஒரு வேட்பாளர், அவரை மக்கள் நேரில் அறிந்திருக்க வேண்டும் என்று சொல்லித்தான் பழைய விருப்பு வாக்கு முறை கைவிடப்பட்டு, 2018இல் வட்டார முறை நடைமுறைக்கு வந்தது. ஆனால் அறிந்திருக்க வேண்டிய அந்த மனிதரின் பெயரைச் சீட்டில் அச்சிட யாருக்கும் தோன்றவில்லை.

கலஹா சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் பத்துப் பேரிடம் தங்கள் வட்டார உறுப்பினரின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் தயங்காமல் சொல்வார்கள்? கட்சியைக் கேட்டால் பத்துப் பேருமே சொல்வார்கள். இதில் வாக்காளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குக் கையில் கொடுக்கப்பட்ட தாள் அப்படி.

போட்ட ஒரு புள்ளடி இரண்டு வேலை செய்கிறது. சபையின் 60 விழுக்காடு உறுப்பினர்கள் வட்டாரத்திலிருந்து வருகிறார்கள். மிச்சம் 40 விழுக்காடு, சபைப் பரப்பு முழுவதும் கட்சிகள் பெற்ற மொத்த வாக்கின்படி மேலதிகப் பட்டியலிலிருந்து வருகிறது. பட்டியலில் யாரை அனுப்புவது என்பதைக் கட்சிச் செயலாளர் தேர்தலுக்குப் பிறகு தீர்மானிக்கிறார். வட்டாரத்தில் தோற்றவரும் இந்த வழியாக உள்ளே வரலாம். 'வேண்டாம்' என்று ஊர் சொன்னவரே அடுத்த மாதம் சபையில் எழுந்து ஊருக்காகப் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதே பட்டியல் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறது, மறுக்க முடியாது. 2018க்கு முன்பு இந்தச் சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். 25 விழுக்காடு ஒதுக்கீட்டுச் சட்டம் வந்ததும் அது ஒரே தேர்தலில் இருபதைத் தாண்டியது. ஆனால் எந்தக் கதவு வழியாக? வட்டார வேட்பாளர்களில் 10 விழுக்காடு பெண்கள் இருந்தால் போதும், மேலதிகப் பட்டியலில் 50 விழுக்காடு வேண்டும் என்றது சட்டம். கட்சிகள் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்து, வட்டாரங்களைப் பெரும்பாலும் ஆண்களிடமே விட்டன. வந்த பெண்களில் பலருக்குச் சொந்த வட்டாரம் கிடையாது. வட்டாரமில்லாத உறுப்பினரிடம் யார் தெருவிளக்குக்கு மனுக் கொடுப்பார்கள்?

இலங்கையில் உள்ளூராட்சி வேட்பாளரைத் தொழில்நுட்பக் காரணம் காட்டி வெளியே தள்ளுவதற்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. கொழும்பு மாநகர சபைக்கு முதன்முதலாகத் தெரிவான பெண் மேரி இரட்ணம். கனடாவில் பிறந்து, தமிழரை மணந்து இங்கே தங்கிவிட்ட மருத்துவர். 1937இல் பம்பலப்பிட்டி வட்டாரத்தில் வென்றார், சிறிது காலத்தில் ஒரு நுணுக்கக் குறையால் ஆசனத்தை இழந்தார். 2025 மார்ச்சில் நானூறுக்கும் மேற்பட்ட வேட்புமனுப் பட்டியல்கள் நிராகரிக்கப்பட்டபோது அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இளைஞர் ஒதுக்கீட்டில் நின்ற ஒருவரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி முறைப்படி உறுதிப்படுத்தப்படவில்லை என்பது போன்ற காரணங்களுக்காக முழுப் பட்டியலே விழுந்தது. பலர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போய்த்தான் மீண்டும் களத்துக்கு வந்தார்கள்.

தேர்தல் நடந்ததே பெரிது என்று சொல்பவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய வாக்கெடுப்புக்குத் திறைசேரி பணம் விடவில்லை. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் கட்டுப்பணம் கட்டி, சுவரொட்டி அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த மாதமே சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. மத்திய மாகாண சபையோ 2018இல் காலாவதியானது, இன்றுவரை தேர்தல் இல்லை. ஆக, கண்டிச் சீமையில் ஒருவருக்குப் பாராளுமன்றத்துக்குக் கீழே மக்கள் தெரிவு என்று மிஞ்சியிருப்பது இந்தச் சபை ஒன்றே.

தோட்டத்து மக்களுக்கு இதுவும் தாமதமாகத்தான் கிடைத்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த நாட்டில், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கிராமச் சபைத் தேர்தலில் தோட்டத்தில் குடியிருந்த தொழிலாளருக்கு வாக்கு இல்லாதபடி சட்டம் செய்யப்பட்டது. 1948இல் குடியுரிமையே போயிற்று. அது திரும்பிக் கிடைத்து, பிரதேச சபைக்கு வாக்களிக்கத் தொடங்கிய பிறகும் ஒரு முடிச்சு இருந்தது: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட இடங்கொடுக்கவில்லை. ஹந்தானையிலோ தெல்தோட்டையிலோ லயன் வாசலுக்கு வந்து "ரோட்டுப் போட்டுத் தாறோம்" என்று கும்பிட்ட வேட்பாளர், சட்டப்படி தன்னால் முடியாத காரியத்தைச் சொல்லிவிட்டுப் போனார். 2018இல்தான் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது வருகிறவர் பழைய சாக்கைச் சொல்ல முடியாது. "சட்டம் மாறி இத்தனை வருசம் ஆச்சே, சபை வரவுசெலவுத் திட்டத்தில எங்கட தோட்டத்துக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கேட்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. கண்டி நகரின் குப்பை பல ஆண்டுகளாக மகாவலிக் கரையோரம் கோஹாகொடையில் மலையாகக் குவிந்தது. குப்பை மலை என்ன செய்யும் என்பதை 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்புக்கருகே மீதொட்டமுல்லையில் நாடு பார்த்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் மலைச் சரிவுகள் வீடுகளோடு இறங்கின. எந்தச் சரிவில் யார் கட்டலாம் என்ற அனுமதிக் கடிதத்தில் உள்ளூராட்சி சபையின் முத்திரையும் விழுகிறது. மே மாதத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் இந்த முத்திரையைப் பற்றி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

மேடைகளில் பேசப்பட்டது வேறு. தேர்தலுக்கு முந்திய ஏப்ரலில் மன்னாரில் பேசிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, தமது கட்சியின் சபை அனுப்பும் திட்டத்துக்கு உடனே நிதி கொடுக்கலாம், மற்றச் சபைகளின் திட்டங்களைப் பலமுறை பரிசீலிக்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் சொன்னது பெரும் சர்ச்சையானது. கன்னொறுவை வட்டாரத்து வேட்பாளர் நல்லவரா, வேலை தெரிந்தவரா என்ற கேள்வியை அந்தப் பேச்சு ஒரே அடியில் தேவையற்றதாக்கிவிட்டது. 2018இல் மகிந்த ராஜபக்ஷ தரப்பும் வட்டாரத் தேர்தலை அரசாங்கத்துக்கு எதிரான தீர்ப்பாகவே காட்டி வென்றது. கொடி மாறினாலும் பழக்கம் அதேதான்.

வாக்காளர் அவ்வளவு ஏமாளியும் அல்லர். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 61 விழுக்காடு பெற்ற ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்தி, ஆறே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலில் 43 விழுக்காட்டுக்கு வந்தது. வாக்களிக்க வந்தவர்கள் குறைந்ததும் ஒரு காரணம். ஆனால் நாட்டுக்கு ஒருவர், ஊருக்கு வேறொருவர் என்று பிரித்துப் பார்த்தவர்கள் இல்லாமல் இந்த வித்தியாசம் வந்திராது. பெயர் அச்சிடாத சீட்டிலும் அவர்கள் ஆளைத் தேடியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. பூட்டு சாவியோ வேறெதுவோ, கிடைத்த சின்னத்தை வைத்துக்கொண்டு தன் பெயரில்தான் நிற்க வேண்டும். பின்னால் கட்சி இருப்பது ஊருக்கே தெரியும் என்பது வேறு கதை. இலங்கை அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சின்னத்துக்குப் பக்கத்தில் வட்டார வேட்பாளரின் பெயரை மூன்று மொழியிலும் அச்சிடட்டும். பட்டியலில் யார் எந்த ஒழுங்கில் உள்ளே போவார்கள் என்பதைக் கட்சிகள் வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லட்டும். 2025 ஜூனில் பொறுப்பேற்ற சபைகளின் காலம் நான்கு ஆண்டு. சட்டத்தில் இரண்டு வரி மாற்ற அது தாராளம்.