கடலோரக் குன்றின் மேல் ஒரு வீடு

2025-ஆம் வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் மூண்ட பெருந்தீயைப் பற்றி நேயர்கள் படித்திருப்பார்கள். பஸிபிக் பாலிசேட்ஸ் என்னும் பகுதியில் ஆயிரக்கணக்கான கட்டடங்கள் சாம்பலாயின. எரிந்துபோன சினிமா நக்ஷத்திரங்களின் மாளிகைகளைப் பற்றியே செய்திகள் விஸ்தாரமாகப் பேசின. அதே பகுதியில், மகாசமுத்திரத்தைப் பார்த்துக்கொண்டு குன்றின் மேல் நிற்கும் 'வில்லா அரோரா' என்ற வீடு தப்பிப் பிழைத்ததை அதிகம் பேர் கவனிக்கவில்லை. நமக்கோ அந்தச் செய்தி பெரிய ஆறுதலாயிருந்தது.

ஏனெனில் அந்த வீட்டுக்காரருக்கும் நெருப்புக்கும் பழைய பகை உண்டு. லயன் ஃபாய்க்ட்வாங்கர் ஜெர்மன் நாவலாசிரியர், யூதர். 1930-ல் வெளியான 'வெற்றி' என்னும் நாவலில் ஹிட்லரை வேறு பெயரில் நடமாடவிட்டுப் பரிகாசம் செய்தவர். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது இவர் அமெரிக்காவில் பிரசங்கச் சுற்றுப்பிரயாணத்தில் இருந்தார். பெர்லினில் அவருடைய வீடு சூறையாடப்பட்டது. புஸ்தகங்கள் பகிரங்கமாகக் கொளுத்தப்பட்டன. பிரஜா உரிமையும் பறிபோயிற்று. தஞ்சம் புகுந்த பிரான்ஸிலும் 1940-ல் சர்க்கார் அவரை முகாமில் அடைத்தது. அங்கிருந்து பெண் வேஷத்தில் தப்பி, பிரனீஸ் மலையைக் கடந்து, அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1943-ல் 9,000 டாலருக்கு இந்த வீட்டை வாங்கி மறுபடியும் புஸ்தகம் சேர்க்கத் தொடங்கினார். அவை முப்பதினாயிரமாகப் பெருகின என்றால் மனிதருடைய பிடிவாதத்தைப் பாருங்கள்!

நமக்கும் அவர் முற்றிலும் அந்நியர் அல்லர். சூத்ரகரின் மிருச்சகடிகத்தை ஜெர்மன் மேடைக்கு ஏற்றபடி மாற்றி எழுதியவர் அவர். வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றி 1916-ல் ஒரு நாடகமும் எழுதினார். பின்னர் பிரெக்டுடன் சேர்ந்து அதைத் திருத்தி, 'கல்கத்தா, மே 4' என்று பெயரிட்டார். ஹேஸ்டிங்ஸ் காலத்தைப் பற்றி நம் பிள்ளைகள் பரீக்ஷைக்காக நாலு வரி படித்து மறந்துவிடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

அவருடைய மனைவி மார்ட்டா அம்மையார் 1987-ல் காலமானார். 1995 முதல் அந்த வீடு கலைஞர்கள் வந்து தங்கும் விடுதியாயிற்று. சொந்த நாட்டில் துன்புறுத்தப்பட்டவர்களும், மனித உரிமைக்காகப் பேனா பிடிப்பவர்களுமான எழுத்தாளர்களுக்கு ஃபாய்க்ட்வாங்கர் பெயரால் உபகாரச் சம்பளம் அளித்து, சில மாத காலம் அங்கே தங்கி எழுதச் செய்தார்கள்.

முதலில் இதைக் கேள்விப்பட்டபோது நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஜனங்களின் கஷ்டத்தை எழுதுகிறவன் ஜனங்களின் மத்தியில் அல்லவா இருக்க வேண்டும்? கடற்காற்று வாங்கிக்கொண்டு பஞ்சத்தைப் பற்றி எழுதுவதாவது! ஆனால் யோசிக்க யோசிக்கச் சிரிப்பு அடங்கிவிட்டது. நள்ளிரவில் போலீஸார் வந்து கதவைத் தட்டுவார்களோ என்று காது கொடுத்துக்கொண்டே ஒருவன் எத்தனை பக்கம் எழுத முடியும்? எழுதினதை எங்கே ஒளித்துவைப்பான்? அப்படிப்பட்டவன் ஓர் அத்தியாயத்தை நிம்மதியாக முடிப்பதற்குக் கடலோரத்தில் ஓர் அறை கிடைத்தால், அதை உல்லாசம் என்று நாம் ஏளனம் செய்வது தகாது.

எனினும் ஒரு குறை மனத்தை உறுத்துகிறது. ஃபாய்க்ட்வாங்கர் அந்த வீட்டில் பத்திரமாக இருந்தாரே தவிர, சுதந்திரமாக இருந்தாரென்று சொல்ல முடியாது. 1937-ல் ஸ்டாலினைப் புகழ்ந்து அவர் எழுதிய மாஸ்கோ புஸ்தகத்தை நாம் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம். ஆனால் யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க அதிகாரிகள் அவரைப் பொதுவுடைமைக்காரரென்று சந்தேகித்து, வருஷக்கணக்காக விசாரித்து, பிரஜா உரிமை தராமலே காலம் கடத்தினார்கள். வெளியே போனால் திரும்பி வர விடமாட்டார்களோ என்று பயந்து அவர் பிறந்த நாட்டைக் கடைசிவரையில் பார்க்கவே இல்லை. 1958 டிசம்பரில் எந்தத் தேசத்துப் பிரஜையுமாக இல்லாமலே இறந்தார். அப்புறம் சிறிது காலத்தில் மனைவிக்கு மட்டும் அந்த உரிமை கிடைத்தது!

உபகாரச் சம்பளம் சில மாதங்களுக்குத்தான். அந்த மாதங்கள் கழிந்ததும் எழுத்தாளர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதையும் யாராவது விசாரித்து எழுதினால் நன்றாயிருக்கும்.