உறையை நீக்குக!

கண்ணிருந்தும் காணாதார் யார், கண்ணின்றியும் கற்கத் துடிப்பார் யார் என்பதைச் சென்ற திங்கள் ஒரு நூலகத்தில் கண்டேன், தோழர்களே!

நான் ஆசிரியப் பணியேற்ற முதல் ஆண்டில் என்னிடம் பயின்றவன். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். இன்று கல்லூரியில் வரலாறு படிக்கிறான். அவனை அழைத்துச் சென்றேன். "பார்வையற்றோர் பிரிவு" என்று பலகை பளபளத்தது. பலகையின் கீழே கணினி. கணினியின் மேல் துணியுறை. உறையின் மேல் தூசி! இயக்கத் தெரிந்தவர் மாறுதலாகிப் போய்விட்டாராம். "தம்பிக்குப் படித்துக் காட்ட யாரையாவது கூட்டி வாருங்களேன்" என்றார் அங்கிருந்த அலுவலர். நல்லவர்தான். நாற்காலி தந்தார், தண்ணீர் தந்தார். நூல்தான் தரவில்லை.

திரும்பும் வழியில் அவன் கேட்டான்: "படித்துக் காட்டுபவருக்கு ஓய்வு கிடைக்கும்போதுதான் எனக்கு அறிவு வர வேண்டுமா, ஐயா?"

பதில் சொல்ல நாவெழவில்லை எனக்கு.

'முன்வினைப் பயன்' என்று மொழிந்து முடித்துவிடுகிறது பழமை. 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டி ஒதுங்குகிறது புதுமை. பிறந்தநாளன்று பார்வையற்றோர் விடுதியில் ஒருவேளைச் சோறிட்டு, அதையும் படம் பிடித்துப் பரப்பும் பெருமக்களுக்குப் பஞ்சமில்லை. அவன் கேட்டது சோறா? நூல்! அதுவும் இரவலாக!

இரக்கத்தால் தர வேண்டிய பொருளா அது? 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய முதற்சட்டம் அதுவே. வீட்டு வரியோடு நூலக வரியும் அச்சட்டத்தால் சேர்ந்தது. பார்வையற்றவன் வீட்டுக்கு அவ்வரியில் விலக்குண்டா? வாங்கும்போது வேறுபாடு காட்டாத கை, வழங்கும்போது மட்டும் ஏன் நடுங்குகிறது? சீர்காழி தந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளுள் ஒன்று, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிட்ட வேண்டும் என்பது. கண்ணுடைய வாசகர்க்கு மட்டும் என்று அவர் எழுதிவைக்கவில்லை.

தடுப்பது சட்டமா? இல்லை. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றலாம் என 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதே நோக்குடன் 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை, 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. பணமா? அதுவும் இல்லை. திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் 'என்.வி.டி.ஏ.' என்னும் மென்பொருளுக்கு விலையே கிடையாது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கிய ஆக்கம் அது, தமிழும் படிக்கும். குரலில் இனிமை குறைவு என்பது உண்மை. நம்மூர் மேடைப் பேச்சாளர் சிலரை நினைத்தால் அது பெருங்குறையாகத் தோன்றவில்லை!

பின் எதுதான் தடை? நூல் இருக்கும் வடிவம்! பக்கத்தைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டு 'மின்னூல்' என்று முழங்குகிறோம். படமாகக் கிடக்கும் பக்கம் அம்மென்பொருளுக்கு வெற்றுத்தாள். அங்கே அது ஊமை. பழைய எழுத்துருக்களில் கோத்த கோப்பு அதனினும் கொடுமை. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். உள்ளே கிடப்பதோ வேற்றெழுத்துக் குவியல். அதைத்தான் குரல் உளறும். படத்தை எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆயினும், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான ஏடுகளில் அவை அடிக்கடி தடுமாறுகின்றன. பிழை திருத்த ஆள் வேண்டும். பழைய நூல்களுக்கு அந்த உழைப்பு தேவை, ஒப்புகிறேன்.

புதிய நூல்களுக்கு? இன்று கணினியில் கோக்காமல் அச்சாகும் நூல் ஏது? கோப்பு பதிப்பாளரிடம் இருக்கிறது. ஒவ்வொரு நூலிலும் நூற்றுக்கணக்கில் படிகள் வாங்குகிறது நூலகத் துறை. "அச்சுப் படியோடு ஒருங்குறிக் கோப்பும் கொடு, இல்லையேல் கொள்முதல் இல்லை" என்று ஒரு வரி ஆணையிட்டால் போதாதா? 'களவு போகுமே' என்பர் பதிப்பாளர். பதிவு செய்த பார்வையற்ற வாசகர்க்கு மட்டும் தரட்டும், அதற்குத்தானே சட்டம்! அச்சு நூலைப் படமெடுத்துப் பரப்புவோர் எல்லாரும் கண்ணுள்ளவர்கள் என்பதை அவர்கள் மறக்க வேண்டாம்.

குரல் வந்தபின் பிரெய்லி எதற்கு என்போரும் உளர். தமிழாசிரியன் என்ற முறையில் மறுக்கிறேன். 'ந'வும் 'ன'வும் காதுக்கு ஒன்றே. கேட்டே கற்பவன் எழுத்துப்பிழையின்றி எழுதுவது எங்ஙனம்? விரல் தொட்டுப் படித்தால்தான் சொல்லின் உருவம் மனத்தில் பதியும். ஆறு புள்ளிகளில் அடங்கும் அவ்வெழுத்தை லூயி பிரெய்லி 1824இல் தம் பதினைந்தாம் வயதில் உருவாக்கினார். அவர் பயின்ற பாரிஸ் பள்ளியோ, பின்னாளில் அதற்கே தடை விதித்தது. 1852இல் அவர் மறைந்தார். பிரான்சு முறைப்படி ஏற்றது 1854இல்! கண்ணுள்ளோர் கண் திறக்க அத்தனை காலம் பிடித்தது.

சென்னையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்லிப் பிரிவு உண்டு. மதுரையில் 2023இல் எழுந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கெனப் பிரிவு உண்டு. மகிழ்ச்சியே! ஆனால், வெண்கோலூன்றி வருபவன் இரண்டு பேருந்து மாறி எத்தனை நாள் நகரம் போவான்? அவன் தெருக்கோடியில் இருப்பது கிளை நூலகம்.

ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத நூறு பேர் செவிவழி உலகறிந்த படிப்பகங்கள் நம்முடையவை. அன்று கேட்டோரைப் 'பாவம்' என்று எவரும் சொல்லவில்லையே!

வரும் சனிக்கிழமை மீண்டும் போகிறோம். மென்பொருளைச் சிறு நினைவகத்தில் ஏற்றி அவனே எடுத்து வருகிறான். இயக்கவும் அவனுக்குத் தெரியும். அலுவலர் உறையை மட்டும் நீக்கித் தந்தால் போதும்.